எடை மெஷினும் டக்வெல் வீட்டு வேலியும்

ஹாதர்ஸ்பி கிராமம்,
லிங்கன்ஷயர்.
ஏப்ரல் 14

பெறுநர்:
ஆசிரியர், 'கழன்ற திருகு' மாத இதழ்,
விளையாட்டுக் கார்களை வீட்டிலேயே கட்டுவோர் சங்கம்.

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

உறுப்பினர் எண் 417, மால்கம் பிளெட்சோ எழுதிக்கொள்வது. தாங்களும் தங்கள் துணைவியாரும் தங்கள் காரின் கிளட்சும் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். இங்கே நானும் என் மனைவி டோரினும் நலம். மழை விட்டு விட்டுப் பெய்கிறது. என் காருக்குக் கூரை கிடையாது என்பதால் இதைக் குறிப்பிடுகிறேன். சங்கத்தின் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. வருத்தமெல்லாம் தங்கள் பத்திரிகையின் மேல்தான்.

மார்ச் இதழ், பக்கம் 22. தங்கள் தொழில்நுட்ப நிருபர் திரு. குவிண்டன், 'நாலு எடை மெஷினும் ஒரு ஸ்பேனரும் இருந்தால் போதும்' என்று ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார். போதாது ஐயா. அந்த மனிதரால் இந்தக் கிராமத்தில் என்னவெல்லாம் நடந்துவிட்டது என்பதைத் தாங்கள் அறிய வேண்டும். அறிந்த பிறகு அடுத்த இதழில், முதல் பக்கத்தில், பெரிய எழுத்தில் ஒரு திருத்தம் வெளியிட வேண்டும். சும்மா குறை சொல்கிற ஆள் என்று என்னை நினைத்துவிடாதீர்கள். முப்பத்தொரு வருஷம் இந்த மாவட்டத்தில் எடை அளவு ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். நான் கடைக்குள் நுழைந்தால் கசாப்புக் கடைக்காரர்கள் தராசிலிருந்து கட்டைவிரலை எடுத்துக்கொள்வார்கள்.

காரைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். பக்கத்து மாவட்டத்துப் பல் டாக்டர் ஒருவர் பாதி கட்டி, பொறுமை போய், பதினேழு பெட்டிகளோடு கைவிட்ட வண்டி அது. நாலு குழாய், அதற்கு மேல் அலுமினியத் தகடு, முன்னால் ஃபைபர் மூக்கு. கதவு கிடையாது, டிக்கி கிடையாது. ஏறி உட்காருவது கால்சட்டை மாட்டிக்கொள்வதுபோல, ஒரு காலுக்கு அப்புறம் இன்னொரு கால். விரிசல் விட்ட மூக்கை ஒட்டினேன், ஒழுகிய ரேடியேட்டரை மாற்றினேன், பல் டாக்டர் தலைகீழாக மாட்டியிருந்த பிரேக்கைக் கழற்றி நேராக மாட்டினேன். அதற்கு மேல் நம்மவர்கள் எல்லோருக்கும் வருகிற வியாதி எனக்கும் வந்தது. எடையைக் குறைப்பது! பெடலில் ஓட்டை போட்டேன். ஹேண்ட்பிரேக்கில் ஓட்டை போட்டேன். நட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த போல்ட் நுனிகளையெல்லாம் ரம்பத்தால் அறுத்து, அறுத்த துண்டுகளை டோரினின் சமையலறைத் தராசில் போட்டு, இருநூற்றுப் பதினாலு கிராம் என்று நோட்டில் எழுதினேன். அன்று சாயங்காலம் பாதிரியார் எங்கள் வீட்டுக்கு வந்து டீயோடு டோரினின் ஸ்கோன் பன்னைக் கடித்துவிட்டு, "என்னம்மா இது, நறநறங்குதே" என்றார். டோரின் என்னைத்தான் பார்த்தாள்.

டோரின் அந்தக் காரில் ஒரே ஒரு தடவைதான் ஏறியிருக்கிறாள். இரண்டு வருஷத்துக்கு முந்தைய கதை. பிரேக்கை மிதித்ததும் வண்டி பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போய், ஒரு குதிரையின் முகத்துக்கு நேரே நின்றது. குதிரை டோரினின் தொப்பியை மோந்து பார்த்தது. அவள் இறங்கி வீட்டுக்கு நடந்தே வந்தாள். வந்ததும் ஒரு நிபந்தனை போட்டாள். "மால்கம், நீ ஸ்டியரிங்லேருந்து ரெண்டு கையையும் எடுக்கணும். சர்ச் தெரு ஆரம்பத்துலேருந்து கடைசி வரைக்கும் அது நேரா போகணும். என்னிக்குப் போகுதோ அன்னிக்கு ஏறுறேன். அதுவரைக்கும் பேச்சே எடுக்காதே." அன்றிலிருந்து அவளுடைய இருக்கையில் என் கருவிப்பெட்டிதான் உட்கார்ந்து வந்தது. எனக்கு அது வேதனையாக இருந்தது ஐயா, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். நான் அந்தக் காரைக் கட்ட ஆரம்பித்ததே அவளை உட்காரவைத்துக்கொண்டு கடற்கரைக்குப் போய்வரத்தான். கருவிப்பெட்டியோடு கடற்கரைக்குப் போய் என்ன செய்வது?

போன கிறிஸ்துமஸ் சமயத்தில், காரில் இனிக் கழற்ற என்ன இருக்கிறது என்று நான் தாளில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது, டோரின் கேக் தட்டை என் முன்னால் வைத்துவிட்டுச் சொன்னாள்: "ஹீட்டரை எடுத்தாச்சு. கார்ப்பெட்டை எடுத்தாச்சு. ஸ்டெப்னியை எடுத்தாச்சு. இன்னும் ஒண்ணே ஒண்ணுதான் பாக்கி. தொண்ணூத்தாறு கிலோ. அது இங்க உக்காந்து மூணாவது கேக் சாப்பிட்டுட்டிருக்கு." சுருக்கென்றுதான் இருந்தது. ஆனால் யோசித்துப் பார்த்தால் பொறியியல்படி அவள் சொன்னது நியாயம். ஜனவரி முதல் வியாழக்கிழமையே உடல் எடையைக் குறைப்போருக்காகச் சர்ச் ஹாலில் நடக்கும் இளைப்பு மன்றத்தில் சேர்ந்துவிட்டேன்.

அந்த மன்றத்தில் இருபத்திரண்டு பெண்கள், ஆண் நான் ஒருவன். நடத்துபவர் திருமதி மேவிஸ் ஆட்டவே. ஓய்வு பெற்ற நர்ஸ், தங்கமான மனுஷி. வாராவாரம் ஒவ்வொருவராகப் போய் அந்தப் பழைய எடை மெஷினில் ஏற வேண்டும். எடை இறங்கியிருந்தால் எல்லோரும் கைதட்டுவார்கள். எனக்கு வாராவாரம் கைதட்டல். முதல் மாதத்தில் இரண்டு கிலோ, அடுத்த மாதத்தில் மூன்று, மார்ச் கடைசிக்குள் மொத்தம் எட்டுக் கிலோ போய், எண்பத்தெட்டு! மன்றத்திலேயே அதிகம் இளைத்தவன் நான்தான். வியாழக்கிழமை வீடு திரும்பும்போது எனக்குக் கால் தரையில் பாவாது. பசித்தால் சாப்பிட்டேன், கேக்கையும் அடியோடு விட்டுவிடவில்லை, ஆனாலும் குறைந்தது. என் உடம்பு வாகு அப்படி என்று டோரினிடம் சொன்னேன். "பெல்ட்டுல ஒரு ஓட்டைகூட மாறலையே, மால்கம்" என்றாள். பெல்ட் இழுபட்டிருக்கும் என்றேன். வீட்டில் ஒரு மெஷின் இருந்திருந்தால் தெரிந்திருக்கும். அதை நான் போன வருஷமே கியர்பாக்ஸுக்கு அடியில் வைத்து உடைத்துவிட்டேன்.

இந்த நேரத்தில்தான் தங்கள் மார்ச் இதழ் வந்தது. நாலு சக்கரத்துக்கும் அடியில் தலா ஒரு எடை மெஷினை வை, ஓட்டுநரின் சரியான எடைக்கு ஈடான சுமையை இருக்கையில் வை, பிறகு ஸ்பிரிங் வளையங்களை ஸ்பேனரால் திருகி எடையைச் சமன் செய், வண்டி நூல் பிடித்ததுபோலப் போகும் என்று திரு. குவிண்டன் எழுதியிருந்தார். படித்ததும் எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. உடனே மன்றத்துப் பெண்களிடம் போய் மூன்று மெஷின் இரவல் வாங்கினேன். நாலாவதுக்கு மேவிஸிடம் மன்றத்து மெஷினையே கேட்டேன். மன்றத்தின் முதல் மாணவன் கேட்கும்போது அவரால் மறுக்க முடியவில்லை. ஆனால் கொடுக்கும்போது முகம் ஒரு மாதிரி ஆகி, "எதையும் திருகிடாதீங்க, மால்கம். குறிப்பா அந்தப் பக்கம்" என்றார். அந்தப் பக்கத்தில் ஒரு தங்க நட்சத்திர ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. அழகாக இருக்கிறது என்று மட்டும் நினைத்துக்கொண்டேன்.

இருக்கையில் மூன்று ஜல்லி மூட்டை, மூட்டைக்கு இருபத்தைந்து கிலோ. மீதிப் பதிமூன்றை டோரினின் தராசில் நிறுத்துப் பையில் கட்டினேன். மொத்தம் எண்பத்தெட்டு. மேலே என் ஸ்வெட்டரையும் தொப்பியையும் மாட்டிவிட்டேன், அது தேவையில்லைதான். டோரின் கராஜுக்குள் வந்து ஜல்லியின் முன்னால் ஒரு கோப்பை டீயை வைத்தாள். "இவர் எவ்வளவோ தேவலை. சொன்னா சொன்ன இடத்துல இருக்கார்" என்றாள். நான் தரையில் மல்லாந்து படுத்து இரண்டு நாள் வளையங்களைத் திருகினேன். நாலு மெஷினும் திரு. குவிண்டன் சொன்ன கணக்குக்கு வந்து நின்றபோது பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி கத்தினேன்.

ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து எல்லோரும் வெளியே வருகிற நேரம். தெருக்கோடியில் டோரின் கைக்குட்டையோடு நின்றாள். நான் வண்டியைக் கிளப்பி, சர்ச்சைத் தாண்டியதும் இரண்டு கையையும் வானத்தைப் பார்த்துத் தூக்கினேன். வண்டி கொஞ்ச தூரம் நேராகத்தான் போனது. பிறகு ஏதோ ஞாபகம் வந்ததுபோல மெல்ல இடது பக்கம் திரும்பி, அந்தத் தெருக்காரர் டக்வெல் வீட்டு லாரல் செடி வேலிக்குள் மூக்கை நுழைத்தது. பின்னால் எடுத்து வந்து மறுபடி விட்டேன். அதே வேலி. மூன்றாம் தடவையும் அதே வேலி, அதே செடி. டக்வெல் செருப்போடு வெளியே வந்தார். "மால்கம், அடுத்த தடவை வரும்போது ஒரு கத்தரியைக் கட்டிக்கிட்டு வாங்க. மேல்பக்கமும் கொஞ்சம் வளந்திருக்கு" என்றார். பாதிரியார் உட்பட நாற்பது பேர் சிரித்தார்கள். டோரின் சிரிக்கவில்லை. அவள் குனிந்து காருக்கு அடியில் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்த மூட்டை உக்காந்திருந்தப்போ வண்டி இன்னும் உசரமா இருந்தது. நீ உக்காந்தா தாழுது. ஏன் மால்கம்?" என்றாள். எனக்கு ஒரே நொடியில் விளங்கிவிட்டது. ஜல்லி! மூட்டையில் எடை குறைவு! இருபத்தைந்து என்று அச்சடித்து இருபத்திரண்டு போட்டு விற்கிறான்! முப்பத்தொரு வருஷ ரத்தம் கொதித்தது ஐயா. மறுநாள் காலையில் கடை திறந்ததும் மூன்று மூட்டையையும் கொண்டுபோய்க் கட்டட சாமான் கடையின் கவுண்டரில் போட்டேன். சட்டப் பிரிவு எண்களை மனப்பாடமாகச் சொன்னேன். வரிசையில் நின்றவர்களையெல்லாம் சாட்சிக்குக் கூப்பிட்டேன். கவுண்டரில் இருந்த பெண் மூட்டைகளைக் கடைத் தராசில் ஒவ்வொன்றாக ஏற்றினாள். ஒவ்வொன்றும் இருபத்தைந்து கிலோ, நூறு கிராம். "நூறு கிராம் கூடவே இருக்கு சார். எடுத்துடட்டுமா?" என்றாள். தராசின் முத்திரையைப் பார்த்தேன். சரியான முத்திரை. நான் பதவியில் இருந்தபோது நானே குத்தியது.

வீட்டுக்கு வந்து, நான் ஓய்வு பெற்றபோது அலுவலகத்தில் கொடுத்த மரப்பெட்டியைத் திறந்தேன். உள்ளே பித்தளை எடைக்கற்கள். அவை பொய் சொல்லாது. இருபது கிலோவை முதல் மெஷினில் வைத்தேன்: இருபது. இரண்டாவது: இருபது. மூன்றாவது: இருபது. மன்றத்து மெஷினில் வைத்தேன்: பதிமூன்று. கற்களை எடுத்துவிட்டு அந்தத் தங்க நட்சத்திரத்தை நகத்தால் உரித்தேன். அதற்கு அடியில் முள், பூஜ்யத்துக்கு ஏழு கிலோ பின்னால் சாய்ந்து ஓய்வெடுத்துக்கொண்டிருந்தது. அப்படியென்றால் நான் எண்பத்தெட்டு இல்லை, தொண்ணூற்றைந்து. ஜனவரியிலிருந்து நான் இளைத்தது மொத்தம் ஒரு கிலோ. அது முடிவெட்டிக்கொண்டதாகவும் இருக்கலாம். தாங்கள் கேட்கலாம், ஆய்வாளராக இருந்தவன் பூஜ்யத்தைப் பார்க்கமாட்டானா என்று. எத்தனையோ கடைத் தராசில் முதல் வேலையாகப் பூஜ்யத்தைத்தான் பார்த்தேன். என் எடை குறைகிறது என்று காட்டிய தராசில் மட்டும் பார்க்கத் தோன்றவே இல்லை.

மேவிஸ் வீட்டுக்குப் போனேன். மெஷினை மேஜை மேல் வைத்ததுமே அவர் கண் கலங்கிவிட்டது. "ஜனவரி ரெண்டாவது வாரம் மால்கம், எல்லாருக்கும் ஏறியிருந்தது. கிறிஸ்துமஸ் புட்டிங். அத்தனை பேரும் தலையைத் தொங்கப்போட்டுட்டு நின்னாங்க. யாரும் அடுத்த வாரம் வரமாட்டாங்கன்னு தோணிச்சு. அதனால முள்ளைத் திருத்துற அந்தக் குட்டிச் சக்கரத்தை ஒரே ஒரு பல் திருப்பினேன். எல்லாரும் சிரிச்சாங்க. அடுத்த வாரமும் சிரிக்கணுமே... இன்னொரு பல்" என்றார். இதே குற்றத்துக்காக ஒரு கோழிக்கடைக்காரரை நான் கோர்ட் வரைக்கும் இழுத்திருக்கிறேன். மேவிஸிடம் அதைச் சொல்லவில்லை. டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

அந்த வியாழக்கிழமைதான் மன்றத்தின் இந்தப் பருவக் கடைசிக் கூட்டம். 'இவ்வாண்டின் இளைப்பு வீரர்' என்று தைத்த நீலப் பட்டையை எனக்குப் போடுவதாக ஏற்பாடு. மேடையில் நின்றேன். பட்டை தோளில் ஏறியது. கைதட்டல். என்னால் முடியவில்லை ஐயா. மேவிஸின் பெயரைச் சொல்லாமல், அந்த மெஷின் தவறு, நான் சோதித்துவிட்டேன், நான் இளைக்கவே இல்லை, யாருமே நினைக்கிற அளவுக்கு இளைத்திருக்க முடியாது, மன்னிக்க வேண்டும் என்று சொல்லிப் பட்டையைக் கழற்றினேன். மேவிஸ் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார். இருபத்திரண்டு பேர் மனதை உடைத்துவிட்டோமே என்று நினைத்துக்கொண்டேன். அப்போது முதல் வரிசையிலிருந்து தபால்காரி ஹேசல் எழுந்தாள். "மால்கம், இறங்கி வந்து உக்காருங்க. எங்களுக்குப் பிப்ரவரியிலேயே தெரியும்" என்றாள். பின்னால் இருந்து இன்னொருத்தி, "எங்க வீட்டுல எல்லாம் மெஷின் இல்லேன்னு நெனச்சீங்களா? உங்களுக்கே மூணு குடுத்தோமே!" என்றாள். ஹால் முழுக்கச் சிரிப்பு வெடித்தது. "வியாழக்கிழமை ஒரு நாளாவது நல்ல சேதி கேக்கலாம்னுதானே வர்றோம். அதையும் கெடுக்கப் பாத்தீரே, மனுஷா!" என்று ஹேசல் பட்டையை எடுத்து மறுபடி என் கழுத்தில் மாட்டிவிட்டாள். மேவிஸ் அழுதுகொண்டே சிரித்தார். கடைசி வரிசையில் டோரின் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் பிப்ரவரியிலேயே தெரிந்திருக்கிறது.

மறுநாள் நாலு சக்கரத்துக்கும் எடையைப் புதிதாகச் சரிசெய்தேன். இருக்கையில் ஏழு கிலோ ஜல்லி கூட்டினேன். மறுபடி வாங்கிவந்த மன்றத்து மெஷினின் முள்ளைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, வேலை முடிந்ததும், மேவிஸ் வைத்திருந்த அதே பல்லுக்குத் திருப்பிவைத்து நட்சத்திரத்தையும் ஒட்டிக் கொடுத்தேன். என் உத்தியோக காலத்தில் அப்படி ஒரு காரியம் செய்ததில்லை. நேற்று ஞாயிறு, மறுபடி சர்ச் தெரு. கையைத் தூக்கினேன். வண்டி டக்வெல் வீட்டை நெருங்கியது. டக்வெல் வேலிக்கு முன்னால் வந்து நின்று கும்பிட்டார். வண்டி அவரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் தெருக்கோடி வரை நேராகப் போனது. ஜனங்கள் விசில் அடித்தார்கள். டோரின் வண்டிக்குப் பக்கத்தில் வந்தாள். என் கருவிப்பெட்டியைத் தூக்கி நடைபாதையில் வைத்தாள், ஒரு காலைப் போட்டாள், இன்னொரு காலைப் போட்டாள், தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். "கடலுக்குப் போ" என்றாள். போகும்போது பாதி வழி கத்தினாள், மீதி வழி பாடினாள். கடற்கரையில் மீனும் வறுவலும் வாங்கி மழையிலேயே உட்கார்ந்து சாப்பிட்டோம். எனக்கு இப்படி ஒரு நாள் இதுவரை வாய்த்ததில்லை.

ஆகவே ஆசிரியர் அவர்களே, 'எடை போடுவதற்கு முன் ஒவ்வொரு மெஷினின் பூஜ்யத்தையும் எடைக்கல் வைத்துச் சோதிக்கவும். எடை விஷயத்தில் எந்தப் பொய்க்கும் இடம் கொடுக்க வேண்டாம்' என்ற திருத்தத்தை அடுத்த இதழிலேயே வெளியிடும்படியும், திரு. குவிண்டன் என்னிடமும் டக்வெல்லின் லாரல் செடியிடமும் எழுத்தில் மன்னிப்புக் கேட்கும்படியும் வற்புறுத்துகிறேன். தங்கள் குடும்பத்தார் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்லவும். தங்கள் சாலைகள் காய்ந்தும், ஸ்பேனர்கள் தேடிய இடத்தில் அகப்பட்டும், தாங்கள் நீடு வாழ வேண்டும்.

தங்கள் உண்மையுள்ள,
மால்கம் பிளெட்சோ

பின்குறிப்பு (ஏப்ரல் 20): கடிதத்தைத் தபாலில் போடுவதற்குள் ஒன்று நடந்துவிட்டது. மறுநாளே டோரினை ஏற்றிக்கொண்டு சர்ச் தெருவில் கையைத் தூக்கினேன். நேராக டக்வெல் வேலி. பக்கத்து இருக்கையில் ஆள் இருக்கும்போது அந்த எடையையும் சேர்த்துச் சமன் செய்ய வேண்டும் என்று திரு. குவிண்டன் பக்கம் 23-இல் தெளிவாகவே எழுதியிருக்கிறார். டோரினிடம் மிகவும் பணிவாக, ஒரே ஒரு எண் வேண்டும் என்றேன். "தர்றேன். ஆனா மேவிஸ் மெஷின்ல பாத்துதான் தருவேன்" என்றாள். போய்ப் பார்த்துவிட்டு, சீட்டில் எழுதிக் கொண்டுவந்து கொடுத்தாள். அந்த எண்ணுக்குக் கிராம் பிசகாமல் ஜல்லி வைத்துச் சரிசெய்துவிட்டேன். வண்டி இன்னும் இடது பக்கம்தான் போகிறது. டக்வெல் வேலியில் எங்களுக்கென்று ஒரு இடைவெளி வெட்டிவிட்டார்; உள்ளே மேஜை போட்டு டீயும் வைக்கிறார். எனவே மேலே கேட்ட திருத்தம், மன்னிப்பு எதுவும் வேண்டாம். ஜூன் மாதச் சங்கப் பவனிக்கான படிவத்தை இத்துடன் இணைத்திருக்கிறேன். 'பயணியின் எடை' என்ற இடத்தில் டோரின் தந்த எண்ணையே எழுதியிருக்கிறேன். முப்பத்தொரு வருஷ அனுபவத்தோடு சோதித்துவிட்டேன். சரியாக இருக்கிறது.